ஸ்டெம் செல் மாற்றுக்குப் பின் வரும் நுரையீரல் நோயும் உயிரியல் மருந்து ஆய்வுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடையாளரின் ஸ்டெம் செல்லைப் பெற்று ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களில் சிலருக்கு, மாதங்கள் கழித்து நுரையீரலின் சிறு காற்றுக்குழாய்கள் சுருங்கி அடைபடத் தொடங்கும். இதன் பெயர் பிராங்கியோலைட்டிஸ் ஆப்ளிட்டரன்ஸ் சிண்ட்ரோம், மருத்துவமனையில் பி.ஓ.எஸ். என்பார்கள். இதற்கான புது மருந்து ஆய்வில் சேரச் சொல்லி மருத்துவர் கேட்டிருந்தால் உங்களுக்கும் வீட்டாருக்கும் எழக்கூடிய கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. எந்த மருந்தையும் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவரோடு பேசித்தான்.

ரத்தப் புற்றுநோய்தான் போய்விட்டதே, நுரையீரலுக்கு என்ன வந்தது?

மாற்று சிகிச்சையில் உங்கள் உடம்புக்குள் வருவது வெறும் ரத்த அணுக்கள் இல்லை, இன்னொருவரின் நோய் எதிர்ப்பு மண்டலமே வருகிறது. அது மிச்சமிருக்கும் புற்றணுக்களைத் தேடி அழிக்கும். சிகிச்சையின் பலனில் பெரும்பங்கு அதனால்தான். ஆனால் அதே அணுக்கள் உங்கள் தோல், வாய், கண், குடல், கல்லீரல், நுரையீரல் ஆகியவற்றையும் அந்நியமாகப் பார்க்கலாம். இதைத்தான் ஜி.வி.எச்.டி. என்கிறோம். நாள்பட்ட ஜி.வி.எச்.டி. நுரையீரலைப் பிடித்தால் அது பி.ஓ.எஸ். இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள காற்றுக்குழாய்களின் சுவரில் முதலில் அழற்சி வரும், பிறகு தழும்பு விழும், தழும்பு தடித்துத் தடித்து வழி அடைபடும். மூச்சை உள்ளே இழுக்க முடியும், முழுதாக வெளியே விடத்தான் முடியாது.

தன்னுடைய ஸ்டெம் செல்லையே திரும்பப் பெற்றவர்களுக்கு இந்தக் கவலை ஏறக்குறைய இல்லை.

யாருக்கு வருகிறது?

கொடையாளர் வழி மாற்று செய்துகொண்டவர்களில் சுமார் 5 முதல் 6 சதவீதம் பேருக்கு. ஏற்கெனவே நாள்பட்ட ஜி.வி.எச்.டி. இருப்பவர்களை மட்டும் எடுத்தால் விகிதம் இன்னும் கூடும். பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் வரும், பிந்தியும் வரலாம். மாற்று முடிந்த முதல் மூன்று மாதத்தில் சுவாச வைரஸ் தொற்று வந்தவர்கள், மாற்றுக்கு முன் புசல்ஃபான் என்ற கீமோ மருந்து பெற்றவர்கள், மாற்றுக்கு முன்பே நுரையீரல் திறன் குறைந்திருந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

எனக்கு லேசான இருமல்தான். இதற்குப் போய் இத்தனை பரிசோதனையா?

ஆமாம். இந்த நோயின் மோசமான குணமே அதன் அமைதிதான். மாடி ஏறும்போது கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, படுக்கையில் கிடந்த உடம்பு, பலம் வர நாளாகும் என்று நோயாளியே சமாதானம் சொல்லிக்கொள்வார். மூச்சுத்திணறல் தெளிவாகத் தெரியும்போது நுரையீரல் திறனில் கணிசமான பங்கு போயிருக்கும். சாதாரண எக்ஸ்ரே பல நேரம் சுத்தமாகவே வரும்.

அதனால் நம்ப வேண்டியது ஸ்பைரோமெட்ரி பரிசோதனையை. மூக்கில் கிளிப் மாட்டி, குழாயை உதட்டால் இறுகக் கவ்வி, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, ஒரே மூச்சில் வெடிப்பதுபோல ஊத வேண்டும். காற்றே மிச்சமில்லை என்று நீங்கள் நினைத்த பிறகும் பக்கத்தில் நிற்கும் டெக்னீசியன் "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று விரட்டுவார். ஒன்றோடொன்று ஒத்துவரும் மூன்று ஊதல்கள் கிடைக்கும்வரை விடமாட்டார். தலை சுற்றும், கண்ணில் நீர் வரும். முதல் ஒரு விநாடியில் வெளியேறிய காற்றின் அளவுதான் எஃப்.இ.வி.1. அது எதிர்பார்க்கும் அளவில் 75 சதவீதத்துக்குக் கீழே போய், இரண்டு ஆண்டுக்குள் 10 சதவீதமோ அதற்கு மேலோ சரிந்து, மொத்த ஊதலோடு ஒப்பிட்டாலும் அடைப்பு தெரிந்து, தொற்று இல்லை என்பதும் உறுதியானால் பி.ஓ.எஸ். என்று முடிவு செய்வார்கள். மூச்சை வெளியே விட்ட நிலையில் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் காற்று உள்ளே தேங்கியிருப்பதும் தெரியும்.

மாற்றுக்கு முன் எடுத்த அளவு உங்கள் ஃபைலில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். 78 சதவீதம் என்ற எண் தனியாக நின்றால் பரவாயில்லை என்று தோன்றும். அது 104-லிருந்து இறங்கிய 78 என்றால் கதையே வேறு.

இப்போது வழக்கமாக என்ன சிகிச்சை தருகிறார்கள்?

ஃப்ளூட்டிகசோன் இன்ஹேலர், அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், மாண்டெலூகாஸ்ட் மாத்திரை மூன்றையும் சேர்த்து ஃபேம் என்பார்கள். கூடவே குறுகிய கால ஸ்டீராய்டு. 2016-இல் வெளியான 36 பேர் கொண்ட ஆய்வில், மூன்று மாதத்தில் நுரையீரல் திறன் தொடர்ந்து சரிந்தவர்கள் 6 சதவீதம்தான். பழைய கணக்குப்படி 40 சதவீதம் எதிர்பார்க்கப்பட்டது. நல்ல செய்திதான். ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு அது. ஃபேம் பலரிடம் சரிவை மெதுவாக்கும், போனதைக் கொண்டுவராது.

அதிக ஸ்டீராய்டை மாதக்கணக்கில் தருவது முன்பு வழக்கம். எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், தசை இளைக்கும், தொற்று வரும். மூச்சுக்கு உதவும் தசைகளும் இளைப்பதால் நுரையீரல் நோயாளிக்கு அது இரட்டை நஷ்டம்.

'குறிவைத்த உயிரியல் மருந்து' என்றால்?

உயிருள்ள அணுக்களைக் கொண்டு தயாரிக்கும் பெரிய புரத மருந்து. பெரும்பாலும் ஆன்டிபாடி. ஸ்டீராய்டு எதிர்ப்பு மண்டலம் முழுவதையும் அடக்கும். இது ஒரு குறிப்பிட்ட மூலக்கூறில் மட்டும் போய் ஒட்டிக்கொண்டு அதன் வேலையை நிறுத்தும். வயிற்றில் செரித்துவிடும் என்பதால் மாத்திரையாகத் தர முடியாது. நரம்பு வழி ட்ரிப் அல்லது தோலுக்கடியில் ஊசி.

ருக்சோலிட்டினிப், பெலுமோசுடில் எல்லாம்?

அவை நாள்பட்ட ஜி.வி.எச்.டி.க்குத் தரும் மாத்திரைகள், சிறு மூலக்கூறு மருந்துகள். குறிவைத்தவைதான், உயிரியல் மருந்துகள் இல்லை. நடைமுறையில் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு: பூஞ்சைத் தொற்றைத் தடுக்க நீங்கள் சாப்பிடும் பொசகோனசோல், வோரிகோனசோல் போன்றவை ருக்சோலிட்டினிப்பின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். ஆன்டிபாடி மருந்துகளுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. பத்துப் பதினைந்து மாத்திரை விழுங்குகிறவருக்கு இது சின்ன விஷயமே இல்லை.

எந்தெந்த உயிரியல் மருந்துகளைச் சோதித்திருக்கிறார்கள்?

பெயர்ப் பட்டியலைவிட, ஒவ்வொன்றும் நோயின் எந்தக் கட்டத்தில் கை வைக்கிறது என்று பார்ப்பதுதான் பயன்.

முதல் இலக்கு அழற்சிச் செய்தி. டி.என்.எஃப். என்ற வேதித் தூதரைப் பிடித்து நிறுத்தும் எட்டனர்செப்ட்டை, மாற்றுக்குப் பின் வரும் சில நுரையீரல் பாதிப்புகளில் சோதித்தார்கள். இடியோபதிக் நிமோனியா என்ற, பி.ஓ.எஸ்.ஸைவிட வேகமான நோயில் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து அதை ஒப்பிட்ட ஆய்வு, போதிய பேர் சேராததால் 34 பேரோடு பாதியில் நின்றது. அரிய நோய்களின் நிரந்தரத் தலைவலி இது: மருந்து பலிக்கிறதா என்பதற்கு முன்பே ஆள் கிடைக்கவில்லை என்று ஆய்வு முடிந்துபோகும்.

அடுத்தது, தாக்குதலை நடத்தும் டி அணுக்கள் என்ற வெள்ளணுக்களுக்குக் கிடைக்கும் 'கிளம்பு' என்ற இரண்டாவது சமிக்ஞை. அபட்டாசெப்ட் அதைத் தடுக்கிறது. மாற்று முடிந்த புதிதில் திடீரென வரும் (அக்யூட்) ஜி.வி.எச்.டி.யைத் தடுக்க, உறவல்லாத கொடையாளரிடம் ஸ்டெம் செல் பெறுபவர்களுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021 டிசம்பரில் இதை அனுமதித்தது. ஸ்டீராய்டுக்கு மசியாத நாள்பட்ட ஜி.வி.எச்.டி.யிலும் இதைச் சோதித்து வருகிறார்கள். சிறு ஆய்வுகளில் நுரையீரல் பாதிப்பு உள்ளவர்களிடம் நம்பிக்கை தரும் அறிகுறிகள் தெரிந்ததால்தான் இதன்மேல் கண் விழுந்தது. பி அணுக்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களை ஒழிக்கும் ரிட்டுக்சிமாப் தோல், வாய் போன்ற இடங்களில் ஓரளவு கை கொடுத்தாலும், நுரையீரலில் பெரிதாகச் சாதித்ததாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது, தழும்பு போடும் அணுக்கள். எனக்கு மிகவும் ஆர்வம் தருவது இதுதான். கொடையாளரின் மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் திசுவுக்குள் புகுந்து, குப்பையை விழுங்கும் மேக்ரோஃபேஜ்களாக மாறி, நார்த்திசு உருவாகத் தூண்டுகின்றன என்று எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. அந்த மேக்ரோஃபேஜ்கள் பிழைத்திருக்க சி.எஸ்.எஃப்.1 என்ற சமிக்ஞை தேவை. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பியை அடைக்கும் ஆன்டிபாடிதான் ஆக்சாடிலிமாப். நாள்பட்ட ஜி.வி.எச்.டி. உள்ள 241 பேர் பங்கேற்ற அகாவே-201 ஆய்வில் மூன்று அளவுகளை ஒப்பிட்டார்கள். கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் என்ற மிகக் குறைந்த அளவில் 74 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு வகையில் நோய் தணிந்தது. மிக அதிக அளவில் 50 சதவீதம் பேருக்குத்தான். அளவைக் கூட்டினால் பலன் கூடும் என்ற எண்ணத்தை இந்த ஒரு ஆய்வே ஆட்டிவிட்டது. குறைந்தது இரண்டு சிகிச்சைகள் பலிக்காத, 40 கிலோவுக்குக் குறையாத எடையுள்ளவர்களுக்கு 2024 ஆகஸ்டில் எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. கவனிக்க: அந்த 74 சதவீதம் எல்லா உறுப்புகளையும் சேர்த்த கணக்கு.

மருந்து ஜி.வி.எச்.டி.க்கே அனுமதி பெற்றாயிற்று. நுரையீரலுக்கென்று தனி ஆய்வு எதற்கு?

வாய்ப்புண் ஆறினால் மொத்தக் கணக்கில் அது 'பலன்' என்று ஏறும், அதே ஆளின் நுரையீரல் சரிந்துகொண்டிருந்தாலும்கூட. உதாரணத்துக்கு, ருக்சோலிட்டினிப்பை மற்ற சிகிச்சைகளோடு ஒப்பிட்ட ரீச்-3 ஆய்வில் 329 பேர். 24-ஆவது வாரத்தில் மொத்தப் பலன் 49.7 சதவீதம், மற்ற தரப்பில் 25.6. ஆனால் நுரையீரலை மட்டும் பிரித்துப் பார்த்தால் இரு தரப்பிலுமே 10 சதவீதத்துக்கும் குறைவு. அதனால் எஃப்.இ.வி.1-ஐயே முதன்மை அளவுகோலாக வைத்து, பி.ஓ.எஸ். நோயாளிகளை மட்டும் சேர்த்து நடத்தும் ஆய்வு வேண்டியிருக்கிறது. ஜி.வி.எச்.டி. மருந்து பற்றிய செய்தியைப் படிக்கும்போது முடிவு அட்டவணையில் நுரையீரல் வரிசையைத் தேடிப் படியுங்கள்.

ஆய்வில் எனக்கு வெறும் உப்புநீர் ஏற்றிவிடுவார்களோ?

பி.ஓ.எஸ். ஆய்வுகள் பல ஒற்றைக் குழு ஆய்வுகள். சேர்ந்த எல்லாருக்கும் மருந்து கிடைக்கும். மருந்தில்லாத குழு இருந்தால், வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து இந்தப் பக்கம் மருந்து, அந்தப் பக்கம் போலி மருந்து என்று பிரிப்பார்கள். சிகிச்சையே இல்லாமல் யாரையும் விடுவதில்லை. எந்த வகை என்பது ஒப்புதல் படிவத்தில் இருக்கும்.

போலி மருந்து வேண்டாம் என்று நினைப்பது புரிகிறது. இருந்தாலும் ஒப்பீடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அசித்ரோமைசினே சாட்சி. பி.ஓ.எஸ். வராமல் தடுக்க மாற்று முடிந்த உடனேயே அதைத் தந்து பார்த்த பிரெஞ்சு ஆய்வில் 480 பேர் இருந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் புற்றுநோய் திரும்பியது. போலி மருந்து எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு. ஆய்வை நடுவிலேயே நிறுத்தினார்கள். 2018-இல் எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது. எல்லாரும் சாதுவான மருந்து என்று நம்பியது அது. போலி மருந்துக் குழு இல்லாதிருந்தால் யாருக்கும் தெரிந்தே இருக்காது. (வந்துவிட்ட பி.ஓ.எஸ்.ஸுக்கு ஃபேமில் ஒரு பகுதியாக அதை எடுப்பது வேறு கணக்கு, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.)

ஆறு மாதம் மருந்து ஏற்றியும் எஃப்.இ.வி.1 ஏறவே இல்லை. தோல்விதானே?

அப்படிச் சொல்ல முடியாது. இந்த ஒரு பதில் தெளிவாகப் புரிந்தால் ஆய்வின் முடிவுகள் பாதி புரிந்த மாதிரி.

ஒருவருக்கு மாற்றுக்கு முன் 2.7 லிட்டர் என்று வையுங்கள். ஜனவரியில் 2.1, பிப்ரவரியில் 2.0, மார்ச்சில் 1.9, ஏப்ரலில் 1.8. மருந்து தொடங்குகிறது. அக்டோபரிலும் 1.8. ரிப்போர்ட்டைப் பார்க்கிறவருக்கு ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் பழைய வேகத்திலேயே போயிருந்தால் அக்டோபரில் 1.2 லிட்டர் இருந்திருக்கும். 1.8 லிட்டர் உள்ளவர் தன் வேலையைத் தானே பார்ப்பார், 1.2 லிட்டரில் குளிப்பதே பெரிய வேலை. மூடிப்போன சிறு குழாய் திறப்பது அபூர்வம் என்பதால், சரிவு நிற்பதே இங்கே பலன்.

இதன் மறுபக்கமும் உண்டு. சிலருக்கு மருந்தே இல்லாமலும் சரிவு தானாக நிற்கும். அதனால் நல்ல ஆய்வில் மருந்துக்கு முந்தைய மாதங்களின் சரிவு வேகத்தையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். 10 சதவீதப் புள்ளி ஏறினால் முன்னேற்றம், 10 இறங்கினால் பின்னடைவு என்பது பொதுவாகப் புழங்கும் வரையறை. ஓரிரு சதவீத ஏற்ற இறக்கத்துக்குச் சந்தோஷப்படவும் வேண்டாம், பதறவும் வேண்டாம். சளி பிடித்திருந்தாலோ அன்று சரியாக ஊதாவிட்டாலோ அவ்வளவு மாறும்.

யாரைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்?

புற்றுநோய் திரும்பியவர்கள், கட்டுக்குள் வராத தொற்று உள்ளவர்கள், கர்ப்பிணிகள். மறைந்திருக்கும் காசநோய், ஹெபடைட்டிஸ் பி இரண்டுக்கும் முன்கூட்டியே பரிசோதிப்பார்கள்; எதிர்ப்பை அடக்கினால் இவை கிளம்பிவிடும். நுரையீரல் திறன் மிகவும் தாழ்ந்தவர்களையும் பல ஆய்வுகள் ஏற்பதில்லை. மிகவும் தேவைப்படுகிறவரையே வெளியே நிறுத்துகிறார்களே என்று கோபம் வரும், நியாயம்தான். ஆனால் முழுதும் தழும்பாகிவிட்ட நுரையீரலில் அழற்சியை நிறுத்தும் மருந்துக்குச் செய்ய வேலை மிச்சமில்லை. பலிக்கும் மருந்தும் பலிக்காதது போலத் தெரிந்துவிடும்.

பக்கவிளைவுகள்?

முதல் பயம் தொற்று. உங்களுக்கு ஏற்கெனவே எதிர்ப்பு குறைவு, அதன்மேல் இன்னொரு அடக்கும் மருந்து. அதனால் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் காலைவரை பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த தடுப்பூசிகள் வேண்டாம். மற்றவற்றை மருத்துவர் சொல்லும் அட்டவணைப்படி போடலாம். ட்ரிப் ஏறும்போதே குளிர், நடுக்கம், அரிப்பு, மூச்சிறுக்கம் வரலாம். உடனே சொல்லுங்கள், வேகத்தைக் குறைத்தோ நிறுத்தியோ சரிசெய்வார்கள்.

ஆக்சாடிலிமாப்பில் ஒரு வினோதம். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகளும் தசை நொதியும் ஏறிக் காட்டும். பார்த்ததும் கல்லீரல் கெட்டுவிட்டது என்று தோன்றும். உண்மையில் இந்த நொதிகளை ரத்தத்திலிருந்து அப்புறப்படுத்துவது கல்லீரலில் உள்ள மேக்ரோஃபேஜ்கள். மருந்து அவற்றையும் குறைப்பதால் குப்பை எடுக்க ஆளில்லாமல் தேங்குகிறது, பெரும்பாலும் அவ்வளவுதான். இருந்தாலும் உண்மையான கல்லீரல் பாதிப்பையும் மருத்துவர் பிரித்துப் பார்க்க வேண்டும். கண்ணைச் சுற்றி வீக்கமும் வரலாம்.

எதிர்ப்பை அடக்கினால் லுக்கேமியா திரும்பிவிடாதா?

கேட்க வேண்டிய கேள்விதான். நுரையீரலைத் தாக்கும் அதே அணுக் கூட்டம்தான் புற்றணுக்களுக்கும் காவல். ஒன்றை அடக்கி மற்றதை விட்டுவைக்க வேண்டும் என்பதே குறிவைத்த மருந்துகளின் நோக்கம். எல்லா மருந்துக்கும் அது நிரூபணமாகவில்லை. அதனால்தான் மருந்து நின்ற பிறகும் நெடுநாள் உங்களைப் பின்தொடர்வார்கள். அந்த அழைப்புகளைத் தட்டாதீர்கள்.

நடுவில் விலகலாமா?

தாராளமாக. காரணம் சொல்ல வேண்டியதில்லை, வழக்கமான சிகிச்சை தொடரும். பாதுகாப்புக்காகக் கடைசியாக ஒரு பரிசோதனைக்கு மட்டும் வரச் சொல்வார்கள்.

கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்க வேண்டும்?

இது எத்தனையாவது கட்டம், இதுவரை எத்தனை பி.ஓ.எஸ். நோயாளிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். 'எத்தனை நோயாளிகளுக்கு' என்று பொதுவாகக் கேட்டால் இதே மருந்தை எடுக்கும் மூட்டுவாத நோயாளிகளின் கணக்கும் சேர்ந்து வரும். பயணச் செலவு, கூடுதல் ஸ்கேன், பக்கவிளைவு வந்தால் சிகிச்சை ஆகியவற்றின் செலவு யாருடையது? இப்போது சாப்பிடும் எந்த மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள்? மருந்து எனக்குப் பலித்தால், ஆய்வு முடிந்த பிறகும் கிடைக்குமா? கடைசிக் கேள்விதான் பலரும் மறப்பது, பின்னால் வருந்துவதும் அதற்காகத்தான். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்க உங்களுக்கு உரிமை உண்டு.

எதுவுமே பலிக்காவிட்டால்?

ரத்தத்தை வெளியே எடுத்து, வெள்ளணுக்களை ஒளியால் பதப்படுத்தித் திருப்பி ஏற்றும் ஃபோட்டோஃபெரிசிஸ் உண்டு. தொற்று அபாயத்தைப் பெரிதாகக் கூட்டாது என்பது அதன் பலம். வேறு ஆய்வுகளும் இருக்கும். தேர்ந்தெடுத்த சிலருக்கு, புற்றுநோய் திரும்பாமல் போதிய காலம் கடந்திருந்தால், நுரையீரல் மாற்று. அது குறித்துப் பேச ஆரம்பிக்க நடக்கவே முடியாத நாள்வரை காத்திருக்க வேண்டாம். பரிந்துரை சீக்கிரம் போனால்தான் வாய்ப்பு.

ஆய்வு நடக்கும்போது வீட்டில் நான் செய்யக்கூடியது?

கையடக்க ஸ்பைரோமீட்டர் கொடுத்தால் வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து ஊதி எழுதி வையுங்கள். உங்கள் வழக்கமான அளவிலிருந்து 10 சதவீதம் இறங்கினால் மறுநாளும் ஊதிப் பாருங்கள். அப்போதும் இறங்கியே இருந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திராமல் ஆய்வுச் செவிலியருக்குப் போன் செய்யுங்கள். இன்ஹேலர் எடுத்ததும் வாயைக் கொப்பளியுங்கள். நடைப்பயிற்சியை விடாதீர்கள், மூச்சு வாங்கினால் நின்று நின்று நடங்கள். சளி, இருமல் உள்ளவர்கள் வீட்டுக்கு வந்தால் முகக்கவசம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். அவர்களுக்குச் சாதாரண ஜலதோஷம், உங்களுக்கு அது 200 மில்லிலிட்டர் எஃப்.இ.வி.1 இழப்பு ஆகிவிடலாம்.